தாக்கலெ

தைரியநாதன் பெயரை
மர்பி டவுனில் யாரும் முழுதாய்ச் சொன்னதில்லை.
தைரியம் வருது, என்பார்கள்.
வந்தால் நான் பந்தை விட்டுவிட்டுக்
கணுக்காலைக் காப்பாற்றுவேன்.

பீங்கான் ஃபாக்டரியின் ஃபுல் பேக் அவன்.
பேருக்குச் சூளையில் கரி அள்ளும் வேலை,
ஒருநாளும் அள்ளியதில்லை.
ஞாயிறு ஆட்டம் முடிந்தால்
திங்கள் காலை டைம் ஆபீஸ் ஜன்னலில்
பழுப்பு உறையில் பதினெட்டு ரூபாய்.
அறுபத்தொன்றில் அது
ஒரு மனிதனின் முன்பல்லுக்குப் பரவாயில்லாத விலை.

நாங்கள் தபால் இலாகா.
எங்களுக்கு ஆட்டத்துக்கு ஒரு பன், ஒரு டீ.
ஹாக்கி ஆடக் காசு வாங்குகிறானே என்று
எங்கள் கேப்டன் வரதப்பா காறித் துப்புவார்.
துப்பிய இடத்தில் செம்மண் கொஞ்சம் கறுக்கும்,
அவ்வளவுதான்.

அவன் ஸ்டிக்கின் பிடி முழுக்க
சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும்.
பந்தில் பட்டால் ஒரு சத்தம்,
எலும்பில் பட்டால் வேறு.
அதற்கப்புறம் விசில்,
எப்போதும் ஒரு மூச்சு தாமதமாக.
ஒருமுறை ரெஃப்ரியையே தள்ளிவிட்டு
யாரும் சொல்லாமலே வெளியே நடந்து
கோட்டருகில் குந்திப் பீடி பற்றவைத்தான்.
மூன்று மாதத் தடை.
நான்காம் மாதம்
உறையில் இருபது ரூபாய் இருந்ததாகப் பேச்சு.

என் வலது முழங்கால்
ஓர் ஆகஸ்ட் மழைக்கு மறுநாள் போனது.
சேறு. நான் அவனைத் தாண்டிவிட்டேன்,
நிஜமாகவே தாண்டிவிட்டேன்,
கோலியின் முகம்கூட ஞாபகமிருக்கிறது,
மீசையில் மண், வாய் லேசாகத் திறந்து.
பிறகு பவுரிங் ஆஸ்பத்திரிக் கூரை.

மூன்றாம் நாள் வந்தான்.
ஆரஞ்சு இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை.
கட்டுப்போட்ட காலைப் பார்த்து
"எப்போ ஆடுவே?" என்றான்.
"ஏன், இன்னொண்ணு பாக்கி இருக்குதுன்னா?"
சிரிக்கவில்லை.
"நீ எதிர்ல ஆடினா எனக்கு அஞ்சு ரூபா கூட.
உன் பேருக்குன்னு தனியா எழுதி வச்சிருக்காங்க.
வீட்ல ஏழாம் மாசம்."

கோபம் வரவேண்டிய இடத்தில்
எனக்கு வந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல,
பெருமை.
ஐந்து ரூபாய்!
தபால் இலாகாவில் ஒருத்தரும்
என்னை அந்த விலைக்கு மதித்ததில்லை.

நான் மறுபடி ஆடவில்லை.
சைக்கிளைத் திருப்பி வாங்கிக்கொண்டு
ஸார்ட்டிங்கில் உட்கார்த்தினார்கள்.
அவனுக்கும் விலை இறங்கியது.
பதினைந்து, பன்னிரண்டு.
பிறகு ஜலந்தரிலிருந்து ஒரு பையன் வந்து இறங்கினான்,
அவன் யாரையும் அடிக்கவில்லை,
பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.
தைரியம் இப்போ நெசமாவே கரி அள்ளுறான் என்றார்கள்.
கேட்டுக்கொண்டேன்.
போய்ப் பார்க்கவில்லை.

போன புதன்கிழமை
கண்டீரவா ஸ்டேடியம், இரண்டாம் மாடி,
மூத்த ஆட்டக்காரர் பென்ஷன் வரிசை.
எனக்கு முன்னால்
அறுந்து தைத்த ஒரு காது.
அது எங்கள் வரதப்பா செய்தது.

கவுன்ட்டர் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள்:
"தாக்கலெ ஏனிதெ?"
கன்னடத்தில் தாக்கலெ என்றால் ஆதாரம்.
தமிழ்க் காதோடு நின்ற கிழவன்
தன்மேல் இருந்த பழைய புகார் எதையோ
கேட்கிறாளென்று நினைத்துத்
தலையைக் குனிந்துகொண்டான்.
சர்டிஃபிகேட் இல்லை. போட்டோ இல்லை.
ஃபாக்டரி நின்ற இடத்தில் ஏழு மாடிக்கு மால்.
உறை வாங்கியவன் எந்த நோட்டில் கையெழுத்துப் போட்டான்?
"ஆடினேம்மா," என்கிறான்,
"நான் ஆடினேம்மா."

நான் பேன்ட்டை
முழங்காலுக்கு மேலே சுருட்டினேன்.
வேட்டியாயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.
அந்தப் பெண் எழுந்து
கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
வரிசையே பார்த்தது.

தைரியநாதன் குனிந்து
ரொம்ப நேரம் பார்த்துவிட்டு
"இடதுன்னு நெனச்சிட்டிருந்தேன்"
என்றான்.